போர்டுக்குப் பின்னால் ஆறு

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்து நாலு. சர்க்கரையும் உண்டு.

சீடரின் பெயர் வடுகநாதன். கொள்ளிடக் கரையில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போன வருஷம்தான் மாற்றலாகி வந்தார். காலமெல்லாம் வரலாறு நடத்தியவர் தலையில் இங்கே புவியியலையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். மனுஷன் அசரவில்லை. இணையத்துக்குள் புகுந்து தேடினார். சுழலும் பூமி உருண்டை, செயற்கைக்கோள் படம், மலையிலிருந்து ஆறு இறங்கி வரும் வீடியோ, விரலால் தொட்டு விடை சொல்லும் வினாடி வினா என்று அள்ளிக்கொண்டு வந்தார். ஏழாம் வகுப்பு ஸ்மார்ட் போர்டில் உலகமே வந்து இறங்கியது. பிள்ளைகள் நூற்றுக்கு நூறு வாங்கினார்கள்.

குரு, பக்கத்து ஊர்ப் பள்ளியில் புவியியல் நடத்தும் ரஹ்மத் நிஷா. ஒரு பயிற்சி முகாமில் அவர் பேச்சைக் கேட்டதிலிருந்து, என்ன சந்தேகம் வந்தாலும் வடுகநாதன் அங்கேதான் போய் நிற்பார். “என் குருவாக்கும்” என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் திங்கட்கிழமை பள்ளியில் வெள்ள ஒத்திகை நடந்தது. மேலே அணைகள் நிரம்பிவிட்டன, எந்த நேரமும் தண்ணீர் திறக்கலாம் என்று பேச்சு. பள்ளிக்கு வடக்கே மாடி வைத்த புயல் பாதுகாப்பு மையம் இருக்கிறது. தெற்கே ஆறு. “வடக்கே போங்க, எல்லாரும் வடக்கே போங்க” என்று மைக் அலறியது. மற்ற வகுப்புகள் தங்கள் ஆசிரியர்கள் பின்னால் போய் மாடியேறின. வடுகநாதன் தன் சர்க்கரைக் காலோடு வாசலுக்கு வருவதற்குள் ஏழாம் வகுப்பு பறந்துவிட்டது. கூட்டத்தோடு கூட்டமாக அவரும் மாடிக்குப் போய்ப் பார்த்தால், அங்கே அவர் பிள்ளைகளைக் காணோம்.

கடைசியில் ஆற்றுப் படித்துறையில் கண்டுபிடித்தார். அழகாக வரிசையில் நின்றார்கள். முன்னால் ரிதன்யா. வினாடி வினாவிலும் அவள்தான் முதல்.

“நான்தான் சார் ஃபர்ஸ்ட் வந்தேன்.”

“இங்க ஏம்மா வந்த?”

“வடக்கே போகச் சொன்னாங்களே சார்.”

“ஆத்துல வெள்ளம்னா ஆத்துக்கேவா வருவாங்க?”

“நானும் யோசிச்சேன் சார். ஆனா மைக்ல அப்படித்தானே சொன்னாங்க.”

வடுகநாதன் வரிசையை அப்படியே மாடிப் பக்கம் திருப்பி நடத்தினார். ஒத்திகை என்பதால் போயிற்று. அடுத்த முறை நிஜத் தண்ணீர் வந்தால்?

அன்று மாலையே பஸ் பிடித்து குரு வீட்டுக்குப் போனார். போனை நீட்டினார்.

“இதுல ஏதோ ஒண்ணு தப்பு டீச்சர். எதுன்னு சொல்லுங்க, தூக்கி எறிஞ்சுடுறேன்.”

ரஹ்மத் நிஷா ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்தார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்.”

“அப்ப நான் நடத்தினது தப்பா?”

“கேள்விக்கு என்ன பதில் சொல்றாங்க?”

“அதான் டீச்சர் குழப்பமே. பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பக்கம் ஆறுன்னு கேட்டா, அத்தனை பேரும் தெற்குன்னு கரெக்டா தொடுறாங்க. வடக்கே போன்னா ஆத்துக்குப் போறாங்க. எனக்குப் பைத்தியமே பிடிச்சுடும் போல.”

“நான் இன்னும் உங்க பள்ளிக்கூடத்தப் பாத்ததில்லையே சார். நாளைக்கு வரேன்.”

பள்ளிக்கூடத்தைப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தும் வடுகநாதனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வந்த குழப்பம் போதாதென்று இது வேறு.

மறுநாள் காலை குரு வந்தார். போர்டில் ஊரின் செயற்கைக்கோள் படம் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை.

“எல்லாரும் கண்ண மூடுங்க. கைய நீட்டி வடக்கக் காட்டுங்க. சார், நீங்களும்தான்.”

காட்டினார்கள்.

“இப்ப கண்ணத் திறங்க.”

அத்தனை கைகளும் போர்டைக் காட்டின. வடுகநாதனின் கையும்தான். ஒரே மாதிரி நீண்டிருந்த கைகளைப் பார்த்து அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

“சரி. பெஞ்சையெல்லாம் திருப்பிப் போட்டு உக்காருங்க.”

தடதடவென்று பெஞ்சுகள் திரும்பின. போர்டு எல்லோருக்கும் முதுகுப்பக்கம் போய்விட்டது.

“இப்ப வடக்கக் காட்டுங்க.”

பாதிக் கைகள் முன்னால் நீண்டன. பாதி பின்னால் திரும்பின. ஒருவன் ஃபேனைக் காட்டினான். வடுகநாதன் கையைத் தூக்கினார். முன்னால் கொண்டுபோனார், பின்னால் கொண்டுவந்தார், பிறகு கீழே போட்டுவிட்டார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஐம்பத்து நாலு வயதில் வடக்கு தெரியாமல் நிற்கிறோமே என்று அவருக்கு அவமானமாக இருந்தது.

குரு அவருடைய போனை வாங்கினார். அதே படம். அதை வகுப்பின் நடுவில் தரையில் வைத்து, ஜன்னல் வழியே விழுந்த காலை வெயிலைப் பார்த்து, மெதுவாகத் திருப்பினார்.

“ரிதன்யா, இதுல ஆறு எங்க?”

அவள் குந்தி உட்கார்ந்து தொட்டாள். “இங்க, தெற்கால.”

“விரல எடுக்காம அப்படியே தெற்கால போ.”

விரல் போனைத் தாண்டித் தரைக்கு இறங்கியது. தவழ்ந்துகொண்டே போனாள். பெஞ்சுக் காலைத் தாண்டி, சாக்பீஸ் தூசியில் கோடு இழுத்துக்கொண்டு போய், போர்டுக்குக் கீழே முட்டி நின்றாள்.

“சுவர் வந்துடுச்சு டீச்சர்.”

“சுவருக்கு அந்தப் பக்கம்?”

ரிதன்யா வாயைத் திறந்தாள்.

“ஆறு.”

அவள் போனைத் திரும்பிப் பார்த்தாள். தலைக்கு மேலே போர்டைப் பார்த்தாள்.

“இதுல இருக்குற ஆறும் நம்ம ஆறும் ஒண்ணா டீச்சர்?”

குரு தலையாட்டினார்.

“அப்ப அன்னைக்கு நான்...” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

வடுகநாதனுக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல் இருந்தது. ஓடி வந்து குருவின் முன்னால் நின்றார்.

“புரிஞ்சுடுச்சு டீச்சர்! போர்டு தெக்குச் சுவர்ல இருக்கு, படத்துல மேல இருக்குற வடக்க நாங்க போர்டுப் பக்கம்னே நெனச்சுட்டோம், அதான் வினையே. கழட்டி வடக்குச் சுவர்ல மாட்டிட்டா முடிஞ்சுது. இன்னைக்கே ஆளக் கூப்பிடுறேன்.”

“மாட்டுங்க சார்.”

குரு போனை அவர் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

“பிள்ளைங்க வீட்டுல இருக்கும்போது தண்ணி வந்துச்சுன்னா? அந்தச் சுவரையும் கையில கொடுத்து அனுப்புவீங்களா சார்?”