மணல் திட்டுக்கு அழைத்த நரி

கடலுக்குப் பக்கத்தில் ஒரு காட்டில் துத்தி என்ற தாய் முயல் தன் குடும்பத்தோடு வாழ்ந்து வந்தது. பச்சைப் புல்லைக்கூட ஒருமுறைக்கு இருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் கடிக்கும். அதன் கணவன் பஞ்சன் நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடும்.

கோடை வந்தது. காட்டுக்குள் ஓர் இலைகூட அசையவில்லை. புழுக்கம் தாங்காமல் குட்டிகள் நாள் முழுக்கச் சிணுங்கின.

"பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய் நிம்மதியாக இருந்துவிட்டு வருவோமா?" என்று பஞ்சன் கேட்டது.

துத்திக்கும் ஆசைதான். "போகலாம். ஆனால் எங்கே தங்குவது? வெயில் ஏறினால் நிழலுக்கு என்ன செய்வது? நம் கடைக்குட்டி சுண்டு ஓரிடத்தில் நிற்கமாட்டான். அலைப்பக்கம் ஓடிவிட்டால்?"

அப்போது ஈச்சம்புதருக்குப் பின்னால் சருகு நொறுங்கியது. ஒரு நரி வெளியே வந்தது. துத்தி சட்டென்று குட்டிகளைத் தன் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது.

"பயப்படாதே தங்கச்சி! நீங்கள் பேசியது காதில் விழுந்தது. மனசு கேட்கவில்லை, வந்துவிட்டேன்" என்றது நரி. "ஓடை கடலில் சேரும் இடத்தில் ஒரு மணல் திட்டு இருக்கிறது. மேலே தாழம்புதர். கீழே நல்ல நிழல். காற்று பிய்த்துக்கொண்டு போகும்! நீயும் மாப்பிள்ளையும் கண்மூடித் தூங்குங்கள். பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லா ஏற்பாட்டையும் என்னிடம் விட்டுவிடு."

"எவ்வளவு நல்ல மனசு!" என்று பஞ்சன் தலையாட்டியது.

துத்தி தலையாட்டவில்லை. "அங்கே உனக்குச் சாப்பாடு, அண்ணா?"

"எனக்கென்ன, அது தானாக வந்து சேரும்" என்று சொன்ன நரி, எச்சிலை விழுங்கியது. "நாளைக்கே கிளம்பலாம். ஆனால் ஒன்று, உச்சி வெயிலுக்கு முன்பே திட்டுக்குப் போய்விட வேண்டும். தாமதம் கூடவே கூடாது."

நரி போன பிறகு துத்தி வெகுநேரம் மீசையை அசைத்தபடி உட்கார்ந்திருந்தது. நிம்மதியாக இருக்கப் போகிறவர்களை ஏன் இப்படி அவசரப்படுத்துகிறது?

"உனக்கு எதிலும் சந்தேகம்!" என்று பஞ்சன் அலுத்துக்கொண்டது. "உதவி செய்ய வந்தவரையும் விடமாட்டாய்."

"நீ பிள்ளைகளோடு இரு. நான் இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுத் துத்தி அப்போதே கடற்கரைக்கு ஓடியது.

நரி சொன்னதில் பொய் ஒன்றும் தெரியவில்லை. திட்டு இருந்தது. நிழல் இருந்தது. கரையிலிருந்து திட்டுக்குப் போகும் மணல் பாதையும் இருந்தது. ஆனால் துத்தி அதில் ஒரு காலை வைத்ததும் எடுத்துவிட்டது. மழை பெய்து எத்தனையோ நாளாகிறது. இந்த மணல் மட்டும் ஏன் ஈரமாக இருக்கிறது? பாதையோரம் நின்ற மரத்தைப் பார்த்தது. அதன் தண்டில், துத்தியின் காதுக்கும் மேலே, கடல்பாசி ஒட்டியிருந்தது. இவ்வளவு உயரத்தில் பாசியைக் கொண்டுவந்து ஒட்டியது யார்?

துத்தி கரையிலேயே பதுங்கிக் காத்திருந்தது. உச்சி வெயில் வந்தது. கடல் சத்தமில்லாமல் ஓடைக்குள் ஏறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதை மறைந்தது. நாலாபக்கமும் இழுத்தோடும் தண்ணீருக்கு நடுவே மணல் திட்டு தனியே நின்றது.

எதிர்த்து நிற்க முயலுக்கு நகமா, பல்லா? ஓடும் கால்தான் எல்லாம். திட்டில் நரியோடு மாட்டிக்கொண்டால் குட்டிகள் எங்கே ஓடும்?

வீடு திரும்பி நடந்ததைச் சொன்னதும் பஞ்சனின் காதுகள் தொங்கிப்போயின. "அப்படியானால் வரமாட்டோம் என்று சொல்லிவிடலாமா?"

"சொன்னால் இந்தப் புதருக்கே வந்துவிடும். அதற்கு நம் வீடு தெரியும்" என்றது துத்தி.

மறுநாள் நரி வந்தது. "கிளம்பலாமா, தங்கச்சி?"

"கிளம்பியாயிற்று அண்ணா! ஆனால் சுண்டு உன் பல்லைப் பார்த்தாலே அழுகிறான். நீ முன்னால் போய்த் தாழம்புதரடியில் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொள். திரும்பிப் பார்த்துவிடாதே! பிள்ளைகள் வந்து உன் முதுகுக்குப் பின்னால் விளையாட ஆரம்பித்ததும் நானே கூப்பிடுகிறேன்."

'முதுகுக்குப் பின்னாலேயே வந்து உட்காரப் போகின்றனவா!' நரிக்கு வாய் ஊறியது. ஒரே ஓட்டமாகத் திட்டுக்குப் போய், கடலைப் பார்த்து அசையாமல் உட்கார்ந்தது.

துத்தியும் பஞ்சனும் குட்டிகளோடு கரையில் நின்றன.

"வந்துவிட்டீர்களா?" என்று நரி திரும்பாமலே கேட்டது.

"சுண்டுவுக்குக் காலில் முள் குத்திவிட்டது, அண்ணா. எடுத்துவிட்டு வருகிறோம்!"

கடல் ஓடைக்குள் நுழைந்தது.

"இன்னுமா எடுக்கிறாய்?"

"இதோ, ஆயிற்று. திரும்பிவிடாதே, பிள்ளை மிரண்டுவிடுவான்!"

பாதையின் கடைசித் துண்டும் மூழ்கியது. துத்தி நீண்ட மூச்சு விட்டது. "இப்போது திரும்பு, அண்ணா!"

நரி ஆவலோடு துள்ளித் திரும்பியது. பின்னால் குட்டிகள் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. ஒரு காலை வைத்துப் பார்த்தது. இழுத்த இழுப்பில் பதறிப் பின்வாங்கியது.

"துத்தி! என்னை ஏமாற்றிவிட்டாயே!"

"தண்ணீர் வடியும்வரை நீ அங்கே இரு, அண்ணா. அதுவரை நாங்கள் இங்கே நிம்மதியாக இருந்துகொள்கிறோம்" என்றது துத்தி.

நரி ஊளையிட்டது, குதித்தது, மணலைப் பிறாண்டியது. குட்டிகள் முதலில் மிரண்டன. பிறகு, காற்றில் உருண்டோடிய கடற்கரைப் புல்லின் முள்பந்துகளைக் கண்டதும் நரியை மறந்தே போயின. விழுந்து புரண்டு துரத்தின. பஞ்சன் நிழலில் கால் நீட்டித் தூங்கியது. துத்தி மணலில் படர்ந்திருந்த அடம்புக்கொடியை ஆசை தீரக் கடித்தது. ஆனால் ஒரு கண் மட்டும் மரத்தண்டில் ஏறி நின்ற தண்ணீரிலேயே இருந்தது.

வெயில் சாய்ந்தது. தண்ணீர் ஒரு விரல் அளவு கீழே இறங்கியது.

"எழுந்திரு, போகலாம். இனி அந்தப் பழைய புதர் வேண்டாம். காட்டின் அந்தக் கோடிக்குப் போய்விடுவோம்" என்றது துத்தி.

"அதற்குள்ளாகவா?" என்று சுண்டு சிணுங்கியது.

பஞ்சன் உடனே எழுந்தது. சுண்டுவை முன்னால் தள்ளிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

நீதி: பிள்ளைகளோடு ஓரிடத்துக்குப் போகும்போது, போகும் வழியைக் காட்டுபவரின் இனிய பேச்சை நம்பிக் கிளம்பாமல், திரும்பி வரும் வழியை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.