எருமை சொன்ன திசை

"ஒரு மாட்டை என் முடிவால கொன்னுட்டேன்," என்றார் கோமதிநாயகம்.

இருபத்தெட்டு வருடம் கால்நடை மருத்துவம் பார்த்தவர். தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான டாக்டர் ரஹ்மத் நிஷாவிடம் பாடம் கேட்க வந்திருந்தார். மாடு கன்று ஈனுவதில் சிக்கல் என்றால் நிஷாவைத்தான் கூப்பிடுவார்கள்.

"வயிறு உப்பின பசு. மருந்தே போதும்னு நினைச்சேன். சாயங்காலம் செத்துப்போச்சு. வயித்தைக் கிழிச்சுக் காத்தை வெளிய விட்டிருக்கணுமோ?"

நிஷா கயிறுகளைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

"மூணு மாசமா இதே நினைப்பு. முந்தாநாள் ஒரு ஆட்டுக்கு மூணு தடவை மருந்தை மாத்தி எழுதினேன். ஆட்டுக்காரர் வேற டாக்டர்கிட்ட போயிட்டார். சொல்லுங்க, கிழிச்சிருக்கணுமா?"

நிஷாவின் போன் அடித்தது. கேட்டுவிட்டு எழுந்தார்.

"ஒரு எருமை ஈன முடியாம கிடக்காம். வாங்க சார்."

களத்தில் எருமை விழுந்து கிடந்தது. அதை வளர்க்கும் பேச்சித்தாய் அதன் தலையை மடியில் வைத்திருந்தாள். சுற்றிலும் ஊரே நின்றது.

"நீங்க பாருங்க," என்றார் நிஷா.

"நானா?"

"நீங்கதான்."

கோமதிநாயகம் சட்டையைக் கழற்றிவிட்டு, கையில் சோப்பு நுரை பூசி உள்ளே விட்டார். கன்றுக்கு வழியே இல்லை. துணியைப் பிழிந்தது போலக் கர்ப்பப்பை முறுக்கியிருந்தது.

"முறுக்கு விழுந்திருக்கு. முறுக்கின பக்கமாவே மாட்டைப் புரட்டினா அவிழும்."

"எந்தப் பக்கம்?"

வெகுநேரம் தடவினார். "வலம்னு நினைக்கிறேன்."

கால்களைக் கட்டினார்கள். கர்ப்பப்பை கூடவே புரளாதபடி, வயிற்றின் மேல் பலகையைச் சாய்த்து ஒருவர் ஏறி நின்றார். ஆறு பேர் கயிற்றை இழுக்க, எருமை வலப்பக்கமாகப் புரண்டது.

அவர் மறுபடி கையை விட்டார். முகம் வெளுத்தது.

"இன்னும் இறுகிடுச்சு."

"தெரியாமலா புரட்டச் சொன்னீரு?" என்றாள் பேச்சித்தாய்.

அவர் கையை உருவிக்கொண்டார். "என் கையை நம்பாதீங்க டாக்டரம்மா. நீங்களே பாருங்க. வயித்தை அறுத்துக் கன்னுக்குட்டியை எடுத்துடலாம்."

நிஷா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

"அதான் சொன்னேனே. தப்பாப் போச்சு."

"அதைக் கேக்கல சார். உள்ள என்ன ஆச்சு?"

"வலப்பக்கம் புரட்டினதும் இறுகிச்சு."

"அப்ப எருமை உங்ககிட்ட பேசியிருக்கு."

கோமதிநாயகம் அவரையே பார்த்தார். பிறகு எருமையைப் பார்த்தார். சட்டென்று மண்ணில் மண்டியிட்டார்.

"எல்லாரும் கயித்தைப் பிடிங்க. இப்ப இடப்பக்கம்."

புரட்டினார்கள். கையை விட்டார். "கொஞ்சம் நெகிழுது. இன்னொரு தடவை."

புரட்டினார்கள். கையை விட்டார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. வேகமா."

மூன்றாம் புரட்டில் வழி திறந்து, தேங்கியிருந்த நீர் அவர் மார்பெல்லாம் கொட்டியது. விரல்களில் இரண்டு குளம்புகள் தட்டுப்பட்டன. அதில் ஒன்று அவர் கையை உதைத்தது.

"உயிரோட இருக்கு," என்றார். "உயிரோட இருக்குய்யா, இழுங்க."

கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. மூச்சில்லை. அவர் அதன் மூக்கைத் துடைத்தார், வைக்கோலால் நெஞ்சைத் தேய்த்தார், மறுபடி தேய்த்தார். கன்று தும்மியது.

களம் முழுக்க ஒரே கூச்சல். யாரோ அவரைக் கட்டிப்பிடித்தார்கள். பேச்சித்தாய் அழுதுகொண்டே சிரித்தாள். நிஷா பையை எடுத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

"இனி எருமைக்கு ஒரு பயமும் இல்லையே, டாக்டரய்யா?" என்று கேட்டாள் பேச்சித்தாய்.

இல்லை என்று சொல்லத்தான் அவர் வாயெடுத்தார்.

"தெரியலம்மா. இன்னும் நஞ்சுக்கொடி விழல," என்றார். பலகையை இழுத்துப் போட்டு எருமையின் அருகில் உட்கார்ந்தார்.

"விழட்டும். பார்த்துட்டுச் சொல்றேன்."