யாருடைய பாட்டு

டொராண்டோவில் பனி நடனப் போட்டி. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நிரூபாவும் ஆட வந்திருந்தாள். ஆனால் அவளுடைய சட்டையின் முதுகில் எஸ்தோனியா என்று எழுதியிருந்தது.

அது ஒன்றும் பெரிய கதையில்லை. சோடியாகச் சறுக்கி ஆடும் இந்த நடனத்துக்கு ஆண் துணை கிடைப்பது குதிரைக் கொம்பு. கனடாவில் அவளுக்குக் கிடைக்கவில்லை. எஸ்தோனியாவில் ராஸ்முஸ் என்ற பையன் துணையில்லாமல் நின்றான். போய்ச் சேர்ந்துகொண்டாள். அன்றிலிருந்து அவன் நாட்டுக்காக ஆடுகிறாள்.

காலையில் பெரியப்பா தொலைபேசியில் அழைத்தார். வாழ்த்தப் போகிறார் என்று ஆசையோடு எடுத்தாள்.

"அகதியா வந்த எங்களுக்குச் சோறு போட்ட நாடு இது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யிறாய், பிள்ளை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பெற்ற தகப்பனைப் போன்றவர் அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அந்த மனத்தோடுதான் அவள் பயிற்சிக்குப் போனாள்.

பயிற்சியில் பல சோடிகள் ஒரே தளத்தில் சறுக்குவார்கள். ஒவ்வொரு சோடியின் பாட்டையும் முறை வைத்துப் போடுவார்கள். எவருடைய பாட்டு ஒலிக்கிறதோ, அவருக்கே வழி. மற்றவர்கள் விலக வேண்டும். காலில் கத்தி கட்டியவர்களுக்கு இந்த ஒழுங்கு இல்லாமல் முடியாது.

நிரூபாவின் பாட்டு ஒலித்தது. பாதியில் கனடாச் சோடி எதிரே வந்தது. அவர்கள் விலகத் தொடங்கிவிட்டார்கள். அதற்குள் இவள் ராஸ்முஸின் கையை இழுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள். அதை எதிர்பாராத அவன் நிலைதடுமாறி, தடுப்புப் பலகையில் தோள் அடிபட விழுந்தான்.

எழுந்து பனியைத் தட்டிக்கொண்டான். நாலு வார்த்தை ஏசியிருந்தாலாவது அவளுக்கு ஆறியிருக்கும்.

சின்ன வயதிலிருந்து அவளைப் பழக்கிய சுகிர்தா ரீச்சர் பலகையோரம் நின்றிருந்தார்.

"ரீச்சர், நான் இண்டைக்கு ஆடமாட்டன்."

"அதை அவனுக்கு ஆர் சொல்லுறது? நீயோ, நானோ?"

நிரூபா ராஸ்முஸைப் பார்த்தாள். அவன் தோளை மெல்லச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குக் கண் கலங்கியது.

"இங்க ஆடினால் ரெண்டகம். அங்க போனால் விருந்தாளி. நான் எந்த நாட்டுக்காரி ரீச்சர்? இந்தப் பனியில எனக்கு என்ன உரிமை இருக்கு?"

"அவன் விழேக்க ஆரின்ர பாட்டு போய்க்கொண்டிருந்தது?"

"எங்கட."

"அப்ப ஆர் விலத்தவேணும்?"

"மற்ற ஆக்கள்."

"கனடாப் பிள்ளையளுக்கு அது தெரியாதோ?"

"தெரியும். அவை விலத்தினவை."

"அப்ப தெரியாதது ஆருக்கு?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ராஸ்முஸிடம் போய்க் கையை நீட்டினாள். அவன் பற்றிக்கொண்டான்.

மாலையில் அரங்கு நிறைந்திருந்தது. எஸ்தோனியா என்று அறிவித்தார்கள். சிலர் கைதட்டினார்கள். பலர் தட்டவில்லை. பெரியப்பா வந்திருக்கிறாரா என்று அவள் தேடவில்லை.

பனியில் கால் வைக்குமுன் திரும்பினாள்.

"பாட்டு முடிஞ்ச பிறகு, ரீச்சர்?"

"பிறகு விலத்து, பிள்ளை. அடுத்த ஆக்கள் நிக்கினம்."