மேகம் படிந்த புட்டி

குலைவாழைநாதர் கோயிலுக்கு மேற்கே உள்ள திசு வளர்ப்புக் கூடத்தின் பின்கட்டில், செங்கமலத்தம்மையார் கண்ணாடிப் புட்டிகளைக் கழுவுவார். ஒவ்வொன்றையும் கவிழ்க்கும்போது "சிவாய நம" என்று உதடு அசையும். விடியலில் மடைப்பள்ளிப் பாத்திரங்களைத் துலக்கி வைத்துவிட்டே வேலைக்கு வருவார்.

அவர் திருமேனியார் வீட்டு இளைய மருமகள். இறைவனுக்கு முதற்குலை சாத்திப் பரிவட்டம் பெறும் குடும்பம் அது. கணவர் மறைந்தபின் எவரிடமும் கையேந்தி அப்பெயருக்கு இழுக்குத் தேடாமல், உழைத்து உண்டார்.

மூத்த மருமகள் வேதவல்லியாரும் அதே கூடத்தில், சுத்தக் காற்று வீசும் பெட்டியின்முன் அமர்ந்து, புட்டியில் வளர்க்க வாழைக் குருத்தறுப்பவர். முன்பு இருவரும் அருகருகே அமர்ந்தார்கள். இளையவர் வைத்த குருத்துகளையே கூடத்து ஆராய்ச்சியாளர் டாக்டர் மரியபுஷ்பம் வருவோருக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் மூத்தவருக்கு வயிறு எரியும்.

ஓராண்டு வாடல் நோயில் நந்தவனத்துச் சாமி வாழை அழிந்தது. நோய் தொடாத ஒரே கன்றைப் பெருக்கித் தரும்படி கூடத்தில் கொடுத்தார்கள். அது பிழைக்காவிட்டால் இறைவனுக்கு அக்கனி இல்லை; குடும்பத்துக்குப் பரிவட்டமும் இல்லை. டாக்டர் அதைச் செங்கமலத்தாரிடம் ஒப்படைத்தார். 'நான் மூத்தவள் இருக்க இவளா?' என்று வேதவல்லியார் அன்று சோறுண்ணவில்லை.

செங்கமலத்தார் குருத்து வைத்த தெளிவான புட்டிகளில் சில வாரங்களுக்குப் பின், குருத்தின் அடியில் பால் சிந்தியதுபோல் மேகம் படிந்தது.

"நெத்தி நெறைய திருநீறு பூசிக்கிட்டு வந்தா? அது உதிர்ந்துதான் எல்லாம் நாசமாப் போச்சு. இவளுக்குக் கழுவுற தொட்டிதான் லாயக்கு!" என்றார் வேதவல்லியார், எல்லோர் காதிலும் விழும்படி.

"இது வெளியிலேருந்து வந்த கிருமி இல்லம்மா. செடியோட சதைக்குள்ளயே குடியிருக்குறது. மேல எத்தன தடவ கழுவினாலும் போகாது," என்றார் டாக்டர். மேலாளர் கேட்கவில்லை. செங்கமலத்தார் தொட்டிக்கு அனுப்பப்பட்டார்.

"அக்கா சொன்னா இருக்கட்டும். இங்கயும் அந்தச் சாமி பாத்திரந்தான்," என்றார் அவர். அந்தச் சாந்தமே வேதவல்லியாரை மேலும் எரித்தது.

சாமி வாழைப் பொறுப்பு வேதவல்லியாருக்கு வந்தது; அவர் வைத்த புட்டிகளிலும் மேகம் வந்தது. இளையவளுக்கு நேர்ந்ததே தமக்கும் நேர்ந்தது என்று ஊர் பேசலாமா? டாக்டர் சொன்ன அளவுக்கு மேல், எவரும் அறியாமல், கிருமிக்கொல்லி மருந்தைச் சேர்த்தார். புட்டிகள் பளிங்காயின. "பாத்துக்கடி, எப்படி மின்னுதுன்னு!" என்று தொட்டியருகே கொண்டுவந்து காட்டினார். அளவு மீறிய அம்மருந்தில் குருத்துகள் வெளுத்தன, வேர்விடாமல் மாண்டன.

செங்கமலத்தார் முன்பு வைத்து, கழித்துக் கட்டிய பழைய புட்டி ஒன்று மட்டும் கொதியாவியில் அவித்துக் கொட்டக் காத்திருந்தது. அதில் மேகத்தின் நடுவே பச்சைக் குருத்து வேரூன்றி நின்றது. செங்கமலத்தார் அதை டாக்டரிடம் ஏந்திச் சென்றார்.

"உசுரோட நிக்குதும்மா. அவிக்க மனசு வரல."

"கெட்டுப்போன புட்டிக்குச் சூடம் காட்டுங்க!" என்று உடன் வேலை செய்தோர் சிரித்தனர்.

டாக்டர் அடித்தண்டில் ஒரு சீவல் எடுத்துச் சோதித்தார். "இது வாழைக்குக் கூடப்பொறந்தது, பகையில்ல. புட்டியில இருக்குற சர்க்கரையத் தின்னு பெருகிடுச்சு. மண்ணுக்குப் போனா அடங்கிடும்," என்றார். குருத்தைக் கழுவி மண்ணில் நட்டார்கள். அது பிழைத்து, நந்தவனம் சேர்ந்து, குலை தள்ளியது.

முதற்குலை சாத்தும் நாளில் பரிவட்டத்துக்கு நின்றவர் மூத்த மருமகள் வேதவல்லியார். செங்கமலத்தார் மடைப்பள்ளியில் அண்டா துலக்கிக்கொண்டிருந்தார். தீபாராதனை காட்டும்போது, இறைவன் தோள்மாலை தானே நழுவித் தட்டில் விழுந்தது. குருக்கள் திகைத்தார்.

"நான் கழட்டலை. சுவாமி தானா கொடுக்கறார். இந்த வாழையக் காப்பாத்தினது யாரு?"

'நான்' என்று சொல்ல வேதவல்லியாரின் நா எழுந்தது. மறுத்துப் பேச அங்கே ஒருவரும் இல்லை. ஆனால் தட்டிலிருந்த மாலை அவரையே பார்ப்பதுபோல் இருந்தது.

"நான் கொன்னேன், சாமி. காப்பாத்தினவ மடப்பள்ளியில இருக்கா," என்றார். தாமே ஓடி, கரி படிந்த கையைப் பற்றி அழைத்து வந்தார்.

"கையக் கழுவிட்டு வரேன்க்கா, விடுங்க…"

"வேணாம்டி. அவரு பாத்திரம் தொலக்குன கை. அப்படியே வா."

அக்கரிக் கையில்தான் மாலை ஏறியது. திருமேனியார் குலத்தின் பெயரும் அன்றுதான் நிலைத்தது. கழித்ததில் உயிர் கண்ட செங்கமலத்தம்மையாரின் ஈரக் கைகள் நம் தலைமேல் இருப்பதாக.