உப்பில்லாத நூற்றுக்கு நூறு

வேட்பாளர் ஆவுடையப்பன் எந்தத் தேர்தலிலும் தோற்றதில்லை. நின்றதே இதுதான் முதல் தடவை. அவருக்காக வீடுவீடாகப் போய்க் கருத்துக்கணிப்பு எடுத்த சந்தனமாரி, நூற்றுக்கு முப்பத்தொரு பேர்தான் அவருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று எழுதிக் கொடுத்தாள்.

"நேத்து நம்ம விருந்துல என் மருமகன் பந்தியில நின்னு கேட்டிருக்காரு. நூத்துக்கு நூறும் எனக்குத்தானாம். நீ சொல்றதுதான் சரின்னு நாளைக்குள்ள காட்டு. இல்லேன்னா வேற வேலை பாத்துக்கம்மா" என்றார் அவர்.

"நாளைக்கும் விருந்து இருக்குல்ல ஐயா? பந்தியில நீங்களே போய், பிரியாணி எப்படின்னு மட்டும் கேளுங்க" என்றாள் சந்தனமாரி. அங்கிருந்து நேரே சமையல்காரரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் ஆவுடையப்பன் துண்டைச் சரிசெய்துகொண்டு இலை இலையாகப் போய்க் கேட்டார்.

"பிரமாதம் ஐயா!"

"பொறந்ததுலேருந்து இப்படிச் சாப்பிட்டதில்ல ஐயா!"

மருமகன் கூடவே எண்ணிக்கொண்டு வந்தார். நூற்றுக்கு நூறு.

சந்தனமாரி ஆவுடையப்பனுக்கும் ஓர் இலை போட்டாள். ஒரு வாய் வைத்தவர் முகம் கோணிப்போனது.

"என்னம்மா இது, உப்பே இல்ல!"

"நான்தான் போட வேண்டாம்னேன் ஐயா. நூறு பேரும் பிரமாதம்னாங்களே."

அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "முப்பத்தொண்ணுதானா?" என்றார்.

"நீங்க பக்கத்துல இல்லாதப்ப முப்பத்தொண்ணு ஐயா."

அடுத்த நாள் சந்தனமாரி வழக்கம்போல வேலைக்கு வந்தாள். பந்தியில் உப்பு இருந்தது. மருமகனைத்தான் காணோம்.