மாடப்புறா பேச்சிழந்த கதை

அந்தக் காலத்தில் ஆடும் மாடும் பறவையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. அப்போது மேற்கே, கடல்களுக்கு அப்பால், ஒரு வறண்ட மலைநாட்டில் குன்றைக் குடைந்து மாதா கோயில் ஒன்று செய்திருந்தார்கள். தூண், வளைவு, பீடம் எல்லாம் ஒரே பாறை. சுவர்களில் சுண்ணாம்பு பூசி ஓவியம் தீட்டியவர் நிக்கேத்தா. அந்தக் கோயிலின் மாடக்குழி ஒன்றில் ஒரு புறா குடியிருந்தது.

மலையடிவாரத்தில் தெக்லா என்றொரு விதவை இருந்தாள். அவளுடைய ஒரே மகளுக்கு மூன்று வயது. அம்மை வந்து இறங்கியபோது குழந்தையின் பார்வையையும் கொண்டுபோய்விட்டது. “அம்மா, ஏன் இன்னும் விடியலை?” என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு நண்பகல் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்து பீடத்தின் முன் விழுந்து அழுதாள். அழுகை பாறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. புறாவுக்குப் பொறுக்கவில்லை.

“அழாதே அம்மா. வாசல் பக்கச் சுவரோவியத்தில் ஒரு சின்ன தேவதூதன் இருக்கிறான், பார். அந்தக் கண்ணில் உயிர் இருக்கிறது. நான் எங்கே பறந்தாலும் என்னையே பார்க்கும். அதைச் சுரண்டித் தண்ணீரில் குழைத்துக் குழந்தையின் கண்ணில் போடு. பார்வை வந்துவிடும்.”

“நிஜமாகவா? உனக்குத் தெரியுமா?”

புறாவுக்குத் தெரியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. “தெரியும்” என்றது.

தெக்லா இடுப்பிலிருந்த சிறு கத்தியை எடுத்தாள். “மன்னித்துவிடு தாயே” என்று முணுமுணுத்தபடி இரண்டு கண்களையும் சுரண்டினாள். ஒரு சிட்டிகைப் பொடி தேறியது. குழைத்துக் குழந்தையின் கண்ணில் விட்டாள். எரிச்சல் தாங்காமல் அது வீறிட்டது.

சத்தம் கேட்டு நிக்கேத்தா ஓடிவந்தார். சுவரைப் பார்த்தார். கண்கள் இருந்த இடத்தில் வெறும் சுண்ணாம்பு. அடிக்கத்தான் போகிறார் என்று தெக்லா தலைகுனிந்து நின்றாள்.

“குழந்தைக்குத் தெரிகிறதா?” என்று கேட்டார் அவர்.

அவள் குழந்தையின் முகத்துக்கு நேரே கையை ஆட்டினாள். இமை அசையவில்லை.

நிக்கேத்தா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

“திரும்ப வரைந்துவிடுங்கள் ஐயா. உங்கள் காலில் விழுகிறேன். தண்ணீர், சுண்ணாம்பு எல்லாம் நான் சுமந்து வருகிறேன்.”

“அது என் மகள் ஐரீனுடைய கண் அம்மா. அவள் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. எனக்கு முகம் மறந்துபோயிற்று. தினமும் இதைப் பார்த்துத்தான் ஞாபகம் வைத்திருந்தேன்.”

தெக்லா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவர்தான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து, குழந்தையின் கண்களை மெல்லக் கழுவினார். பிறகு அவரும் அழுதார்.

மேலே புறா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. ‘எனக்குத் தெரியாது, பொய் சொன்னேன்’ என்று சொல்ல வாய் திறந்தது. தொண்டை உப்பியது. உள்ளே ஏதோ உருண்டது. முனகல்தான் வந்தது. மறுநாளும் முயன்றது. அதற்கு மறுநாளும்.

அந்தப் பகலோடு மாடப்புறாவின் பேச்சு போனது. இன்றைக்கும் அது கல்கோயிலை விட்டுப் போவதில்லை. யாராவது உள்ளே வந்தால் தொண்டையை உப்பிக்கொண்டு சொல்லப் பார்க்கிறது.