கோயில் காளையும் கடைசி முனையும்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் வேடிக்கை அதிகமாகவும் இருந்த ஒரு நாட்டில், கோயில் காளையை அவிழ்த்துவிடும் திருநாள் மறுநாள் வர இருந்தது. திருநாளன்று தெருமுனைதோறும் ஊரார் ஏதாவது வைப்பார்கள். காளை வரட்டும் என்பவர் அகத்திக்கீரை வைப்பார். வேண்டாம் என்பவர் முள்ளை வெட்டிப் போடுவார். எந்த முனையில் எது கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது. பொழுது சாயும்போது காளை எந்த வாசலில் இருக்கிறதோ, அந்த வீட்டாருக்கு ஒரு வருஷம் சபையில் ராஜாவுக்குப் பக்கத்து ஆசனம்.

"இந்த முறை அது எந்த வாசல் என்று நமக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்" என்றார் ராஜா.

அரண்மனைச் சோதிடர் ஆதிமூலர் எழுந்தார். "பிரபு, காளை பிறந்த நாழிகை முதல் வைத்த ஒவ்வோர் அடியையும் கணித்துவிட்டேன். அடியேன் வாசலுக்குத்தான் வரும்."

விகடகவி கூத்தப்பன் சிரித்துவிட்டான். வந்த சிரிப்பை அடக்கத் தெரியாததுதான் அவனுக்குக் கேடு.

"சிரித்தவரே சொல்லட்டும் பிரபு. தவறினால் நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார் ஆதிமூலர்.

ராஜாவுக்கு அந்தப் பந்தயம் பிடித்துப்போயிற்று. "கூத்தப்பா, நாளை சூரியன் மறைவதற்குள் சொல்லிவிட வேண்டும். மறைந்தபின் சொன்னால் செல்லாது."

வீட்டில் மனைவி செம்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா உங்களுக்கு? மூட்டை கட்டவா?"

"புளிச்சோறு மட்டும் கட்டு. நாளைக்குப் பூரா நடக்கணும்."

விடிந்ததும் கூத்தப்பன் காளையின் பின்னாலேயே நடந்தான். ஆதிமூலர் வீட்டுப் பக்கம் திரும்பும் முனைகளில் எல்லாம் கீரை மலையாகக் குவிந்திருந்தது. கொட்டியவர் யாரென்று கேட்கவா வேண்டும்? போச்சு, இனி அயலூர் கஞ்சிதான் என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தான்.

ஆனால் காளை ஒரு குவியலையும் மிச்சம் வைக்கவில்லை. உச்சிவேளைக்குள் வயிறு முட்டிப்போய், கீரையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன்பின் எங்கெங்கோ சுற்றி, பூக்கட்டும் வெள்ளையம்மாள் வாசலில் முழங்காலை மடக்கிப் படுத்து, அசைபோடத் தொடங்கியது. சூரியன் அப்போது பனைமர உச்சியில் இருந்தான். கூத்தப்பன் அரண்மனைக்கு ஓடினான்.

"மகாராஜா, வெள்ளையம்மாள் வாசல்."

எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். சூரியன் மறைந்தான். காளை அசையவில்லை.

"பார்த்துவிட்டு வந்து சொல்கிறார் பிரபு. இதுவும் ஒரு கணிப்பா?" என்று குதித்தார் ஆதிமூலர்.

"மறைவதற்குள் சொல்லச் சொன்னார் மகாராஜா. பார்க்காமல் சொல் என்று சொல்லவில்லையே" என்றான் கூத்தப்பன். "கன்றுக்குட்டியாய் இருந்தபோது அது வைத்த அடி இன்றைக்கு எதற்கு ஐயா? காலையில் போன தெருவே மாலையில் அதற்கு நினைவில்லை. கடைசி முனையில் அதன்கூட நின்றவனுக்கு அதற்கு முந்தியது எல்லாம் எதற்கு? ஐயா மட்டும் கீரையைக் கொஞ்சம் குறைத்துக் கொட்டியிருந்தால், அது அவர் வாசலில்தான் படுத்திருக்கும். நானும் அந்த வாசலைத்தான் சொல்லியிருப்பேன்."

ராஜா விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தப்பன் கழுத்தில் போட்டார். வெள்ளையம்மாளுக்கு ஆசனம் கிடைத்தது. தெருவில் கிடந்த முள்ளை எல்லாம் பொறுக்கும் வேலை ஆதிமூலருக்குக் கிடைத்தது. அதைப் பார்த்து ஊரே சிரித்தது. காளை மட்டும் ஒரு ஏப்பம் விட்டது.